கான்டாக்ட் இருக்கா தம்பி?

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆதம்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. பக்கத்துத் தெருக்காரர். கிண்டி எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் லேத் மெஷின் முன்னால் நின்று வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கையில் பளபளவென்று ஒரு நோட்டீஸ்.

"சார், நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதறவரு. இதைப் படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. கட்டலாமா, வேணாமா?"

ஆறு மாத டைரக்‌ஷன் கோர்ஸ். ஃபீஸ் இரண்டே முக்கால் லட்சம். பெரிய எழுத்தில் 'பிரபல இயக்குநர்களுடன் நேரடித் தொடர்பு' என்று போட்டிருந்தது. ஃபீஸைத் திருப்பித் தர மாட்டோம் என்பது மட்டும் எறும்பு சைஸில்.

"பையன் என்ன சொல்றான்?"

"கேமரா, எடிட்டிங் எல்லாம் அவனே பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டானாம் சார். இது கான்டாக்ட்டுக்காகத்தானாம். கான்டாக்ட் இல்லாம சினிமாவுல ஒண்ணும் நடக்காதுங்கறான். கிராஜுவிட்டி பணம் கொஞ்சம் பேங்க்ல இருக்கு. பொண்ணு கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்தது..."

அந்த நோட்டீஸை நான் எத்தனை வீடுகளில் பார்த்திருப்பேன்! பெயர் மாறும், ஃபோட்டோ மாறும், ரூபாய் கூடும். மாறாமல் இருப்பது அந்த ஒரு வார்த்தை. கான்டாக்ட்.

உங்கள் வீட்டிலும் சினிமா எடுக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை இருக்கலாம். இல்லாவிட்டால் அக்கா வீட்டில் இருக்கும், எதிர் ஃபிளாட்டில் இருக்கும். அதனால் இந்த வாரம் இந்த வார்த்தையைக் கொஞ்சம் உரித்துப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பரங்கிமலை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், அடுத்தது கோடம்பாக்கம். நாலாவது ஸ்டேஷன். டிக்கெட் விலை ஒரு டீ விலைகூடக் கிடையாது. ஆனால் இந்த நாலு ஸ்டேஷனைக் கடக்கப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கடக்காமலே ஊர் திரும்பியவர்களையும் தெரியும். "ஏன் நடக்கலே?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "கான்டாக்ட் இல்லே சார்."

இந்தப் பதிலில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தோற்றவனுக்கு ஆறுதல். ஜெயித்த குடும்பத்துக்குப் பெருமை. நடுவில் இருப்பவனுக்கு வியாபாரம். மூன்று பேருக்கும் லாபம் தருகிற பொய் சாமானியத்தில் சாகாது.

முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அப்பா டைரக்டர், மாமா தயாரிப்பாளர் என்றால் முதல் படம் சீக்கிரம் கிடைக்கும். இரண்டு ஃபிளாப் கொடுத்த பிறகும் மூன்றாவது கிடைக்கும். அதை மறுக்கிறவன் தமிழ் சினிமா போஸ்டரையே பார்க்காதவன். என் சண்டை அந்தக் கான்டாக்ட்டோடு இல்லை. அது பிறப்பில் வருவது, ஃபீஸ் கட்டி வாங்க முடியாது. இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கூறு போட்டு விற்கிறார்களே, அந்தச் சரக்கோடுதான் சண்டை.

யோசித்துப் பாருங்கள். ஒரு பிரபல இயக்குநர் ஒரு நாள் வருகிறார். ஒன்றரை மணிநேரம் தன் கஷ்டகாலத்தைச் சொல்கிறார். அறுபது பையன்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். கார் கிளம்பிவிடுகிறது. இதுதான் நேரடித் தொடர்பு. மறுநாள் அவர் ஆபீஸ் வாசலில் அந்தப் பையன் போய் நின்றால் வாட்ச்மேன் யாரென்று கேட்பார். அந்தச் செல்ஃபியைக் காட்டினால் உள்ளே விடுவாரா?

*

சரி, கோர்ஸ் வேண்டாம், நேராக அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்துவிடலாம் என்கிறீர்களா? அந்தக் கதையையும் பேசிவிடுவோம்.

என் பக்கத்துத் தெருக்காரரை ஒன்று கேட்டேன். "நீங்க லேத் வேலைக்குப் போன முதல் மாசம் சம்பளம் குடுத்தாங்களா?"

"சம்பளம் இல்ல சார், ஸ்டைபெண்டு. அப்ரண்டிஸ்தானே."

"எவ்வளவோ கொடுத்தாங்க இல்லையா?"

"குடுக்காம எப்படி சார்? சட்டம் இருக்கே."

ஆமாம், இருக்கிறது. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம். இரும்பு கடையக் கற்றுக்கொள்ள வருகிற பையன் ஒரு பீஸைக்கூட உருப்படியாகக் கடைந்து தராவிட்டாலும் மாதக் கடைசியில் அவன் கையில் ஸ்டைபெண்டு கொடுத்தாக வேண்டும். கற்றுக்கொள்கிறவனுக்கும் வயிறு உண்டு என்று சர்க்கார் ஒப்புக்கொண்ட சட்டம் அது.

கோடிக்கணக்கில் பணம் புரளும் சினிமாவில் உதவி இயக்குநருக்கு என்ன உண்டு? கதை விவாதம் என்று ஒரு வருஷம் உட்கார வைப்பார்கள். மத்தியானம் சாப்பாடு வரும். ஷூட்டிங் ஆரம்பித்தால் பேட்டா. படம் நின்றுவிட்டால் அதுவும் கட். அபூர்வமாகச் சில நல்ல இயக்குநர்கள் தங்கள் கைக்காசிலிருந்து அசிஸ்டென்ட்களுக்குக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் ஒருவரின் தாராளத்தை நம்பிப் பிழைப்பதற்குப் பெயர் வேலை இல்லை.

'குருகுலம்' என்று இதற்கு ஒரு அழகான பெயர் வேறு. இதனால் யார் பாதிக்கப்படுகிறார்கள் தெரியுமா? ஐந்து வருஷம் சம்பளம் இல்லாமல் இருக்க எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்? அப்பாவுக்குச் சொந்த வீடு இருக்கிற பிள்ளையால். கூலி வேலைக்காரன் மகன் ஒன்பதாவது மாதம் ஊருக்கு பஸ் ஏறிவிடுவான். இதைத்தான் பிறகு நாம் "அவனுக்குப் பொறுமை பத்தலை" என்கிறோம்.

*

அப்படியானால் ஒன்றுமில்லாமல் வந்து ஜெயித்தவர்கள் எப்படி ஜெயித்தார்கள்? அவர்களுக்குத் தொடர்பு இல்லையா? இருந்தது. ஆனால் அது வேறு ஜாதித் தொடர்பு.

2009-இல் கலைஞர் டி.வி.யில் 'நாளைய இயக்குநர்' என்று ஒரு குறும்படப் போட்டி தொடங்கியது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன் எல்லோரும் அங்கே வந்து போனவர்கள். கார்த்திக் சுப்பராஜ் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். பெரிய இயக்குநர் யாரிடமும் வருஷக்கணக்கில் குடை பிடித்தவர் இல்லை.

டி.வி.யில் வந்ததால் எல்லாம் நடந்தது என்று நினைப்போம். அந்த மேடையில் பல பேர் வந்தார்கள், அடுத்த வருஷம் காணாமல் போனார்கள். இவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். ஒருவர் குறும்படத்தில் நடித்தவர் இன்னொருவர் குறும்படத்திலும் நடித்தார். விஜய் சேதுபதி, பாபி சிம்ஹா, கருணாகரன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாத முகங்கள். பத்து நிமிஷப் படத்துக்காக ஒருவரை ஒருவர் நம்பி வெயிலில் நின்றார்கள்.

2012-இல் 'பீட்சா' வந்தது. 2013-இல் 'சூது கவ்வும்'. இயக்குநர் வேறு. ஆனால் இந்த மூன்று முகங்களும் இரண்டு படத்திலும் இருக்கும். இரண்டுக்கும் தயாரிப்பாளர் சி.வி.குமார். அவரும் அப்போது சினிமாவுக்குப் புதுசுதான். யாரும் யாரையும் மேலேயிருந்து கை கொடுத்துத் தூக்கவில்லை. ஒரே படியில் நின்றவர்கள் தோளோடு தோள் முட்டுக் கொடுத்து ஏறினார்கள். பாபி சிம்ஹாவுக்கு 'ஜிகர்தண்டா'வில் தேசிய விருது கிடைத்தபோது பேட்டி எடுக்க ஓடியவர்கள், அவர் சும்மா நடித்துக் கொடுத்த குறும்படங்களின்போது எங்கே இருந்தார்கள்?

பி.எஸ்.வினோத்ராஜின் கதை இன்னும் கடினம். சின்ன வயதிலேயே படிப்பு நின்று, மதுரையில் பூ மார்க்கெட், அப்புறம் திருப்பூரில் பனியன் வேலை என்று குழந்தைத் தொழிலாளியாக இருந்தவர். சினிமா எடுக்க வேண்டும் என்று சென்னைக்கு வந்து அவர் வேலைக்குச் சேர்ந்த இடம் எது? ஸ்டுடியோ இல்லை. டி.வி.டி. கடை. ஏனென்றால் அங்கே இருந்தால் படம் பார்க்கலாம். குறும்படங்களில் வேலை செய்தார். இயக்குநர் சற்குணத்திடம் உதவியாளராக இருந்தார். முருகபூபதியின் 'மணல்மகுடி' நாடகக் குழுவிலும் இருந்தார். பிறகு தன் சொந்த சகோதரிக்கு நடந்த ஒரு சம்பவத்தை வைத்து, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி வெயிலில் 'கூழாங்கல்' எடுத்தார். குடிகார அப்பனும் ஒரு பையனும் நடக்கிறார்கள். ஏறக்குறைய அவ்வளவுதான் கதை. 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது அதற்கு. தமிழுக்கு அது முதல் தடவை. அந்த வருஷம் ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான்.

"நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரிச்சாங்களே, அது கான்டாக்ட் இல்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்கள் வந்தது படத்தைப் பார்த்த பிறகு. காட்டுவதற்குக் கையில் ஒரு படம் இருந்தது, அதனால் வந்தார்கள். அடுத்த படமான 'கொட்டுக்காளி'யை சிவகார்த்திகேயன் தயாரித்தார். முதலில் வேலை, அதன் பின்னால் கான்டாக்ட். விற்பனைக்கு வருகிற நோட்டீஸில் இந்த வரிசையைத்தான் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள்.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த விஷயமும் இல்லை. சத்யஜித் ரே கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஓவியர். 1947-இல் சிதானந்த தாஸ்குப்தா போன்ற நண்பர்களோடு சேர்ந்து ஒரு ஃபிலிம் சொசைட்டி ஆரம்பித்தார். நல்ல படத்தை வரவழைத்துப் பார்ப்பது, பார்த்துவிட்டுச் சண்டை போடுவது. 'பதேர் பாஞ்சாலி'யை எடுக்கத் தொடங்கியபோது கலை இயக்குநராக வந்த பன்சி சந்திரகுப்தா அந்த சொசைட்டி நண்பர். கேமராமேன் சுப்ரதா மித்ராவுக்கு வயது 21. அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே கிடையாது. ரே வேலையை விடவில்லை. விடுமுறை நாட்களில் ஷூட்டிங். இன்ஷூரன்ஸ் பாலிசியும் மனைவியின் நகையும் அடகுக்குப் போயின. பிறகு மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து, 1955-இல் படம் வெளிவந்தது. நகையை அடகு வைத்ததை மட்டும் நம் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் நடந்த அந்த ஃபிலிம் சொசைட்டியை விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊரில் ஜெயபாரதி 1979-இல் 'குடிசை' எடுத்தார். பெரிய முதலாளி கிடையாது. பொதுமக்களிடம் பணம் திரட்டி எடுத்த படம். கிரவுட் ஃபண்டிங் என்று இப்போது சொல்கிறார்களே, அந்த வார்த்தை வருவதற்கு முன்பே செய்தார். தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளாவில் ஒடேசா என்று ஒரு குழு அமைத்து, ஊர் ஊராக மக்களிடம் காசு வாங்கி 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்தார். அதே 1986-இல், நம் ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி தாண்டினால் வருகிற தரமணி திரைப்படக் கல்லூரிப் பசங்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆபாவாணன் எழுதித் தயாரித்தார். அரவிந்த்ராஜ் இயக்கினார். கேமரா ரமேஷ்குமார். எல்லோரும் ஒரே கல்லூரி. 'ஊமை விழிகள்' சினிமாஸ்கோப்பில் வந்து தமிழ்நாட்டையே நடுங்க வைத்தது.

அந்தக் கல்லூரி அரசாங்கத்துடையது. ஃபீஸ் இந்த நோட்டீஸில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் சீட் கம்மி. கிடைக்காதவர்கள்தான் நோட்டீஸ்காரர்களிடம் மாட்டுகிறார்கள்.

*

திறமை விஷயத்துக்கு வருகிறேன். "கத்துக்கிட்டேன்" என்று அந்தப் பையன் சொன்னானே, என்ன கற்றுக்கொண்டான்? அவனையே கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல பையன். லென்ஸ் பெயரெல்லாம் சரளமாகச் சொன்னான். கொரியப் படங்களில் எந்த ஷாட் எத்தனை செகண்ட் என்று தெரிந்து வைத்திருக்கிறான்.

"எத்தனை படம் எடுத்திருக்கே தம்பி?"

"நாலு ஸ்டார்ட் பண்ணேன் அங்கிள்."

"எத்தனை முடிச்சே?"

தலையைக் குனிந்துகொண்டான். ஒன்றில் நடித்த பையன் பெங்களூர் போய்விட்டான். ஒன்றில் சத்தம் சரியில்லை. ஒன்று ஹார்ட் டிஸ்க்கோடு போச்சு. ஒன்று பிடிக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா அதுவரை பேசாமல் இருந்தவர், மெதுவாகச் சொன்னார். "பாதி கடைஞ்ச பீஸுக்கு எங்க ஷாப்புல ஸ்கிராப்புனு பேருடா."

சினிமாவைப் பற்றி அவ்வளவு கச்சிதமான பாடத்தை இரண்டே முக்கால் லட்சத்துக்கு யாரும் நடத்த மாட்டார்கள்.

முடிப்பதுதான் முதல் திறமை. எட்டு நிமிஷப் படமாக இருக்கட்டும், மட்டமாகவே இருக்கட்டும், முடிக்க வேண்டும். முடித்து, சொந்தக்காரர் அல்லாத இருபது பேருக்கு முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் எந்த இடத்தில் செல்ஃபோனை எடுக்கிறார்கள் என்று பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தக் கூச்சம் எந்த வகுப்பிலும் கிடைக்காது.

இரண்டாவது, யாரும் விரும்பாத வேலையைக் கற்றுக்கொள்வது. பத்துப் பையன்கள் சேர்ந்தால் எட்டுப் பேர் டைரக்டர், இரண்டு பேர் கேமராமேன். மைக் பிடிக்க ஆள் கிடையாது. படத்தை செல்ஃபோனில்கூட எடுக்கலாம். 2015-இல் அமெரிக்காவில் ஷான் பேக்கர் 'டேஞ்சரின்' என்ற முழு நீளப் படத்தை ஐஃபோனில்தான் எடுத்தார். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மாதிரி சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் வசனம் கேட்காவிட்டால் எந்த ஊர் ரசிகனும் எழுந்து போய்விடுவான். ஒழுங்காக சவுண்ட் எடுக்கத் தெரிந்த பையனை ஆறு பேர் தேடி வருவார்கள். ஆறு படத்தில் வேலை செய்தால் அறுபது பேரைத் தெரியும். எந்த நோட்டீஸிலும் இல்லாத கான்டாக்ட் அது.

மூன்றாவது, கணக்கு. எட்டு நிமிஷப் படத்துக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடு, ஆட்டோ எவ்வளவு, நடித்தவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியாயிற்றா, பின்னணியில் போட்ட இளையராஜா பாட்டுக்கு அனுமதி உண்டா? இதெல்லாம் கலைஞனுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவன் தனியாகப் படம் எடுக்க லாயக்கில்லை. அவனுக்கு ஒரு முதலாளி தேவை.

நாலாவது, வாடகை. சுதந்திரமாகப் படம் எடுக்கிறவன் மாதம் ஒண்ணாம் தேதியை எப்படிச் சமாளிக்கிறான் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்வது கேவலம் இல்லை. விளம்பரக் கம்பெனியில் இருந்துகொண்டுதான் ரே படம் எடுத்தார். சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர்தான் கார்த்திக் சுப்பராஜ். வேலையை விட்டுவிட்டு வந்தால்தான் சினிமா மேல் பக்தி என்கிற மூடநம்பிக்கையை முதலில் தூக்கிப் போடுங்கள்.

இவற்றைக் கற்றுக்கொள்ள இடம் இல்லாமலும் இல்லை. 'நிழல்' திருநாவுக்கரசு பல வருஷமாக மாவட்டம் மாவட்டமாகப் போய் குறும்படப் பயிற்சி முகாம் நடத்தியிருக்கிறார். 2003-இலிருந்து சென்னையில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. அங்கே தியேட்டர் வாசல் டீக்கடையில் பக்கத்தில் நிற்பவனிடம் "படம் எப்படி இருந்தது?" என்று கேட்பதற்குத் தனி ஃபீஸ் கிடையாது.

*

பையனுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு முடித்தால் நான் அயோக்கியன். அரசாங்கத்துக்கும் உங்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். பெண்களும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரும் படம் எடுக்க, அங்கே அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகமே ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை போடுகிற திட்டம் கொண்டு வந்தார்கள். ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை' அப்படி எடுக்கப்பட்டு 2023-இல் வந்த படம். கதையைக் கொடு, தேர்வானால் பணம் என்கிறார்கள். மாமா யார் என்று கேட்பதில்லை. நாம்? 2009 முதல் 2014 வரைக்கான மாநிலத் திரைப்பட விருதுகளை 2022 செப்டம்பரில் மொத்தமாகக் கொடுத்த அரசு நம்முடையது. விருது வாங்க வந்த சிலருக்கு எந்தப் படத்துக்கு என்றே மறந்திருக்கும். ஐந்து முதலமைச்சர்கள் சினிமாவோடு சம்பந்தப்பட்டிருந்த மாநிலம் இது!

அடுத்து நீங்கள். ஆமாம், நீங்களும் நானும்தான்.

'கூழாங்கல்' 2021-இல் உலக விருது வாங்கியது. தமிழன் அதை வீட்டில் உட்கார்ந்து பார்க்க 2023 அக்டோபர் ஆயிற்று. அதுவும் ஓ.டி.டி.யில். 'கொட்டுக்காளி' 2024-இல் தியேட்டருக்கே வந்தது. பின்னணி இசை இல்லை, முடிவு இல்லை என்று நாம் கத்தினோம். வருஷத்துக்கு 200 படத்துக்கு மேல் தமிழில் வருகிறது. அதில் இப்படி ஒன்றிரண்டுக்குக்கூட முதல் வாரம் டிக்கெட் எடுக்க மாட்டோம். ஆனால் "நம்ம ஆளுங்க ஈரானியப் படம் மாதிரி எடுக்க மாட்டேங்கறாங்களே" என்று மட்டும் வருத்தப்படுவோம்.

இன்னும் ஒன்று. செழியன் என்ற ஒளிப்பதிவாளர் 'டு லெட்' என்று ஒரு படம் எடுத்தார். தயாரித்தவர் அவர் மனைவி பிரேமா. 2007 வாக்கில், ஐ.டி. பணம் வந்து வாடகை எகிறிய சென்னையில், ஒரு உதவி இயக்குநர் மனைவி குழந்தையோடு வீடு தேடி அலைகிற கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கி 2019-இல் தியேட்டருக்கு வந்தது. பார்த்துவிட்டு உருகியவர்கள் உண்டு. அப்படி உருகிய ஒருவர் எனக்குத் தெரிந்தவர். இங்கேதான் மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறார். போன வருஷம் அவர் வீட்டுக்கு ஒரு பையன் கேட்டு வந்தபோது, "பேச்சிலர், அதுவும் சினிமாக்காரன், வேணாம்பா" என்று அனுப்பிவிட்டார்.

"ஏன் சார்? அந்தப் படம் பார்த்து அழுதீங்களே?" என்றேன்.

"அது படம்" என்றார்.

ஃபிலிம் சொசைட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஹால் கேட்டால் கல்யாண ரேட் சொல்கிறோம். தெருவில் ட்ரைபாட் வைத்தால் "பர்மிஷன் இருக்கா?" என்று பால்கனியிலிருந்து குரல் கொடுக்கிறோம். பிறகு அந்தப் பையன் எங்கே போவான்? கான்டாக்ட் விற்கிறவனிடம்தான். நாம் சாத்திய ஒவ்வொரு கதவுக்கும் அவன் ஃபீஸ் வாங்குகிறான்.

*

பக்கத்துத் தெருக்காரருக்கு நான் கட்டு என்றும் சொல்லவில்லை, கட்டாதே என்றும் சொல்லவில்லை. நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் உபயோகப்படும், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: விளம்பரத்தில் இல்லாத பழைய மாணவர்கள் பத்துப் பேரிடம் நான் பேச முடியுமா?

இரண்டு: ஆறு மாதத்தில் என் பையன் எத்தனை படம் முடிப்பான்? அது யாருக்குச் சொந்தம்?

மூன்று: 'நேரடித் தொடர்பு' என்றால் யார், எத்தனை மணிநேரம், வராவிட்டால் என்ன? எழுத்தில் தருவீர்களா?

நாலு: நடுவில் விட்டால் மிச்சப் பணம் வருமா?

திங்கட்கிழமை போய்க் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்குச் சிரித்தார்களாம். இரண்டாவதுக்கு காபி கொடுத்தார்களாம். மூன்றாவதுக்கு, "சார், இதெல்லாம் நம்பிக்கையில நடக்கற தொழில்" என்றார்களாம். நாலாவதைக் கேட்காமலே மனுஷர் எழுந்து வந்துவிட்டார். நாலுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிற இடமும் எங்காவது இருக்கலாம். அங்கே கட்டுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

பையன் நாலு நாள் அப்பாவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அப்பா பதினைந்தாயிரம் கொடுத்தார். ஒரே கண்டிஷன். நாலில் ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும். பையன் மைக்கும் ரெக்கார்டரும் வாங்கினான்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் ஷூட்டிங். ஆமாம், இவ்வளவு எழுதிவிட்டு இடம் கேட்டால் மறுக்கவா முடியும்? ஏழு பேர் வந்தார்கள். ஒரு பெண் கேமரா. நங்கநல்லூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு பையனின் லைட்டுகள். நம்ம பையன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் டைரக்டர் இல்லை, சவுண்ட். அடுத்த ஞாயிறு அவன் படத்துக்கு இவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று ஒப்பந்தம்.

"ஆன்ட்டி, குக்கர் வைக்காதீங்க, ப்ளீஸ்" என்று என் மனைவியிடம் கெஞ்சினான். ஃபேனை நிறுத்தினான். இன்னும் ஏதோ கொர்ரென்கிறது என்று ஃபிரிட்ஜையும் ஆஃப் பண்ணினான்.

சாயங்காலம் கிளம்பும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஃபிரிட்ஜைப் போட மறந்துவிட்டார்கள். இரண்டு பாக்கெட் பால் திரிந்துபோனது. படம் முடிந்தால் அந்தக் கணக்கை மன்னித்துவிடுவதாக என் மனைவி சொல்லியிருக்கிறாள்.